முதிய பெண்களும் உடல் வலிமையும் - ஒரு வரலாற்றுப் பார்வை

வயதாகிவிட்டால் உடம்பில் வலு குறையத்தான் செய்யும், இனி ஓய்வெடுப்பதே நல்லது என்பது நெடுங்காலமாக மக்கள் நம்பிவந்த கருத்து. மருத்துவர்கள் பலரும் இதையே நம்பினார்கள். தொண்ணூறு வயது மூதாட்டியின் கால் தசைகூடப் பயிற்சியால் வலுப்பெறும் என்பது சோதனை மூலம் தெரியவந்து இன்னும் நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு.

பெண்களுக்கு ஏன் முக்கியம்?

இயல்பாகவே பெண்களுக்குத் தசையின் அளவு ஆண்களைவிடக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. ஆயுளோ ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆகவே வலு இழந்த உடலோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்களே. நாற்காலியிலிருந்து தானாக எழ முடியாதவருக்குக் கழிப்பறை செல்வதற்குக்கூட ஒரு துணை தேவை. ஒருமுறை தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

படுக்கையிலிருந்து எழுப்பிய மருத்துவர்

1935ல் லண்டனை அடுத்த ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட அவர்களுடைய பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழக்கூடியவர்களை எழுப்பி உட்காரவைத்தார், நடக்கப் பழக்கினார். அவர்களில் பலர் வீடு திரும்பினார்கள். நோயைவிடப் படுக்கையே அவர்களை அதிகம் முடக்கியிருந்தது என்பது அப்போது புரிந்தது. முதியோர் மருத்துவத்தின் தாய் என்று இன்று அவர் போற்றப்படுகிறார்.

ஆனால் வாரனின் காலத்தில் நோக்கம் நடக்கவைப்பதோடு நின்றது. முதியவரின் கையில் எடையைக் கொடுக்க எவரும் எண்ணவில்லை. எடைப்பயிற்சி மருத்துவத்துக்குள் வந்தது வேறு வழியில். இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோவின் ராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம், காயமுற்ற வீரர்களின் கால்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி தந்தார். தசை வளர வேண்டுமானால் சுமையும் வளர வேண்டும் என்ற அந்த முறையை அவர் 1945ல் வெளியிட்டார். அதனால் பயன்பெற்றவர்கள் இளம் ஆண்கள். பாட்டிமார்களிடம் அது வந்துசேர மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பாஸ்டன் சோதனை

வயதோடு தசை குறையும் நிலைக்குத் தனிப் பெயர்கூட அதுவரை இல்லை. 1980களின் இறுதியில்தான் இர்வின் ரோசன்பர்க் அதற்கு 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். சதை இழப்பு என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

1990ல் மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் நடத்திய சோதனையின் முடிவுகள் வெளிவந்தன. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பேர் அதில் சேர்ந்தார்கள். ஒருவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தைக் காலால் தூக்க வேண்டும். வாரம் மூன்று நாள், எட்டு வாரங்கள். மாரடைப்பு வரலாம், எலும்பு முறியலாம் என்று அஞ்சப்பட்ட வயதில் இது துணிச்சலான முயற்சிதான்.

ஒன்பது பேர் முழுமையாக முடித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு 10 கிலோ தூக்கியவர் இப்போது 27 கிலோ தூக்கினார் என்று கொள்ளலாம். இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலிமை 32 சதவீதம் குறைந்தது. பயிற்சி தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கும் என்ற பாடமும் அதே சோதனையில் கிடைத்தது.

பத்துப் பேரை வைத்து முடிவுகட்ட முடியாது அல்லவா? 1994ல் அதே குழு 100 பேரிடம் செய்த பெரிய ஆய்வு வெளியானது. அவர்களில் 63 பேர் பெண்கள்; சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துணவுப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரங்களில் பயிற்சி செய்தவர்களின் வலிமை 113 சதவீதம் கூடியது. படியேறும் திறனும் நடைவேகமும் உயர்ந்தன. பானம் மட்டும் குடித்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. உழைக்காத தசைக்குச் சத்துணவு மட்டும் போதாது என்பது இதனால் விளங்கியது.

எலும்பும் விழுதலும்

அதே 1994ல் மிரியம் நெல்சன் குழுவினர், 50 முதல் 70 வயதுள்ள பெண்களை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி செய்தவர்களின் எலும்பு அடர்த்தி குறையாமல் சற்றே கூடியது. செய்யாதவர்களுக்குக் குறைந்தது.

எல்லோராலும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக முடியாது. இதற்கு விடை நியூசிலாந்தின் டனீடன் நகரிலிருந்து வந்தது. 80 வயதைக் கடந்த 233 பெண்கள் கலந்துகொண்ட அந்த ஆய்வு 1997ல் வெளியானது. பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, கணுக்காலில் எடை கட்டிச் செய்யும் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் கற்றுத்தந்தார். ஓராண்டில் பயிற்சி பெறாத குழுவில் 152 முறை விழுந்தார்கள், பயிற்சி பெற்ற குழுவில் 88 முறை. 'ஒட்டாகோ' என்ற பெயரில் இந்தப் பயிற்சி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

2018ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு குழுவினர், தேர்ந்த பயிற்றுநரின் மேற்பார்வையில் வாரம் இருமுறை கனமான எடைகளையே தூக்கினார்கள். எட்டு மாதங்களில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி, 65 வயதைக் கடந்தவர்களும் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. இந்தச் சோதனைகள் எதுவும் முதுமையைத் தடுத்துவிடவில்லை. ஆனால் "உங்களால் முடியாது, உட்காருங்கள்" என்று அன்போடு சொல்லப்படும் சொல்லே ஒரு மூதாட்டியை நாற்காலியோடு கட்டிப்போடலாம் என்று காட்டின. பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து நிற்பது சிறிய செயல்தான். அந்த வயதில் சுதந்திரம் என்பது பெரும்பாலும் அதுதான்.