ஒரு பெயர், இரண்டு எஞ்சின்கள்: விமான வரலாற்றில் ‘சுழல் எஞ்சின்’

மாணவர்களே, ‘சுழல் எஞ்சின்’ என்று கட்டுரையில் எழுதுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்த ஆண்டைப் பற்றி எழுதுறீங்க? 1911 என்றால் அது ஓர் எஞ்சின். 1967 என்றால் முற்றிலும் வேறொன்று. பெயர் மட்டும்தான் ஒன்று.

முதலில் பழையதைப் பார்ப்போம். 1910 மார்ச்சில், சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் பல்லாவரத்தில் ஒரு விமானத்தில் பறந்தார். அவரே வடிவமைத்து, சிம்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானம் அது. மறு ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பெல்ஜியத்துக்காரர் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தை ஓட்டிக் காட்டினார். மரமும் துணியும் எங்கேயும் கிடைக்கும். எடை குறைந்த எஞ்சின்தான் அன்றைக்குக் கிடைக்காத பொருள்.

பாக்ஸ்கைட்டில் இருந்தது பிரான்ஸின் செகான் சகோதரர்கள் செய்த நோம் எஞ்சின். 7 சிலிண்டர், 50 குதிரைசக்தி, எடை சுமார் 75 கிலோ. இதில் கிராங்க் தண்டு விமானத்தோடு அசையாமல் இணைந்திருக்கும். சிலிண்டர்கள்தான் முன்னுந்து விசிறியோடு சேர்ந்து சுற்றும்! சுற்றுகிற வேகத்தில் காற்றே அவற்றைக் குளிரவைக்கும். தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டாம்.

சுற்றுகிற சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை எப்படிப் போகும்? உள்ளீடற்ற கிராங்க் தண்டு வழியாக எஞ்சினின் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து பிஸ்டன் தலையில் இருந்த வால்வு வழியாக மேலே ஏறும். இந்த வால்வுதான் தலைவலி. உறிஞ்சும் விசையில் தானாகத் திறப்பதால் அதன் நேரம் யார் கையிலும் இல்லை. திறந்தபடி சிக்கிக்கொண்டால் நெருப்பு எஞ்சினின் வயிற்றுக்கே இறங்கும். அதுவும் வானத்தில்!

1913-இல் வந்த ‘மோனோசூபாப்’ அந்த வால்வை எடுத்தெறிந்தது. பெயரின் பொருளே ‘ஒற்றை வால்வு’. சிலிண்டரின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள். பிஸ்டன் அடிவரை இறங்கும்போது அவை திறக்கும். ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்கணும். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை இறங்குகிறது. கலவை எரிந்து தள்ளும்போது ஒரு தடவை, காற்றை உறிஞ்சும்போது ஒரு தடவை. துளைக்கு எது எந்த இறக்கம் என்று தெரியாது, இரண்டிலும் திறந்துவிடும். அதனால் முதல் இறக்கத்தில் துளை திறப்பதற்கு முன்பே மேல் வால்வு திறந்து, எரிந்த வாயுவை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைத்தாகணும். இரண்டாம் இறக்கத்தில் அதே வால்வு வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். அதற்குமேல் இறங்கும் பிஸ்டன் வெற்றிடம் உண்டாக்கும். துளை திறந்ததும் செறிவான கலவை பாய்ந்து வரும். முன்பின் ஆனால் ஒன்று தீப்பிடிக்கும், இல்லை எஞ்சின் திணறும்.

1914-இல் மொனாக்கோவில் ஷ்னைடர் கோப்பையை வென்ற சாப்வித் விமானத்தில் இருந்தது இந்த எஞ்சின்தான். உயவுக்கு விளக்கெண்ணெய், நம்ம லெபோ பசார் கடைகளில் இன்றும் வாங்கலாமே, அதே எண்ணெய்! பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால்தான் அது. ஆனால் சுற்றும் எடைக்கு ஒரு எல்லை உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் இந்த வகை மெல்ல மறைந்தது.

அடுத்த ‘சுழல் எஞ்சின்’ ஜெர்மனியின் ஃபீலிக்ஸ் வாங்கல் பெயரால் அழைக்கப்படுவது. 1967-இல் மஸ்டா காஸ்மோ காரில் இரண்டு சுழலிகளோடு வந்தது. இதில் கூடு அசையாது. உள்ளே முக்கோண வடிவச் சுழலி சுற்றும். பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பிற்பாடு வந்த மஸ்டா 13பி எஞ்சினை, வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பழைய ஆர்எக்ஸ்-7 கார்களிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். அப்போது அதே பழைய கேள்வி திரும்ப வந்தது: துளை எப்போது திறக்கணும்?

மஸ்டா கார்களில் உள்ளிழுப்புத் துளை பக்கச் சுவரில் இருக்கும். தாமதமாகத் திறப்பதால் புகைபோக்கித் துளையும் அதுவும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. ஜெலுத்தோங் சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்காமல் இருக்க அது உதவும். வெளிச் சுற்றுச் சுவரில் துளை போட்டால் கலவை தாராளமாக வரும், சக்தி கூடும். ஆனால் இரண்டு துளையும் அதிக நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால், வேகம் குறையும்போது எரிந்த வாயு புதுக் கலவையோடு கலந்து எஞ்சின் தடுமாறும். விமானம் சிக்னலில் நிற்காது, சீரான உயர் சக்தியிலேயே ஓடும். ஆகவே வெளிச்சுவர்த் துளை பொருத்தம் என்பது ஒரு கட்சி. தரையிறங்கும்போது சக்தியைக் குறைத்துத்தானே ஆகணும், அப்போது தடுமாறினால் என்ன செய்வது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. தரைக்கு அருகே ஓட்டுநருக்கு யோசிக்க நேரமே இல்லை.

இந்தியாவில் 2009 ஏப்ரலில், கர்நாடகத்தின் கோலார் விமானத்தளத்தில் உள்நாட்டில் உருவாக்கிய 55 குதிரைசக்தி வாங்கல் எஞ்சினோடு ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் பறந்தது. இதைத் தேர்வில் எழுதினால், பாக்ஸ்கைட்டின் நோம் எஞ்சின் இருக்கும் பத்தியில் சேர்க்காதீங்க. அங்கே சிலிண்டர் சுற்றியது. இங்கே சுழலி சுற்றியது.