கல்கத்தாவில் தோன்றி வியன்னாவில் பெயர் பெற்ற ஆட்டமுறை

மலாய் மொழியில் வழங்கும் ‘சாத்தூர்’ என்னும் ஆட்டப்பெயர் ‘சதுரங்கம்’ என்ற வடசொல்லின் வழிவந்ததாகும். அவ்வாட்டம் பாரத நாட்டிலிருந்து பாரசீகம் சென்று உலகெங்கும் பரவிற்று என்பதைப் பலரும் அறிவர். ஆயின், இக்காலச் சதுரங்கக் கொள்கைகளுள் ஒன்றற்கும் இந்திய மண்ணில் வேருண்டு என்பதை அறிந்தவர் சிலரே.

பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களைத் தொடக்கத்திலேயே சிப்பாய்களால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆசிரியர் கண்ட விதி. ‘குருன்ஃபெல்டு தற்காப்பு’ இவ்விதிக்கு மாறாக நடப்பது. கருப்பு ஆடுபவர் நடுவிடத்தை எதிரிக்கு விட்டுக்கொடுக்கிறார். அரசன் பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அது நின்ற இடத்தில் மந்திரியை வைக்கிறார். மலாய்க்காரர் ‘காஜா’, அதாவது யானை, என்று அழைக்கும் காய் இதுவே. அங்கிருந்து அது பலகையின் குறுக்கே நெடுந்தொலைவு தாக்கவல்லது. பின்னர் மந்திரியும் குதிரையும் சிப்பாயும் ஒன்றுகூடி வெள்ளையின் நடு அரணைத் தாக்கும். அவ்வரண் நிலைத்தால் கருப்பு நசுங்கும். தகர்ந்தால் வெள்ளைக்குக் கேடு. இம்முறையின் கூர்மை இதுவே.

1922-இல் வியன்னா நகரத்து எர்ன்ஸ்டு குருன்ஃபெல்டு இதனைப் போட்டிகளில் ஆடினார். பிற்காலத்தில் உலக வெற்றிவீரரான அலெகைனையே அவ்வாண்டில் இதனால் வென்றார். முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆயினும், அதற்கு அறுபத்தேழு ஆண்டுகட்கு முன்னரே, 1855 மே மாதத்தில், கல்கத்தாவில் இது ஆடப்பட்டுள்ளது. வெள்ளை ஆடியவர் ஜான் காக்ரன் என்ற ஸ்காத்லாந்து வழக்கறிஞர். கருப்பு ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி.

மகேஷ் சந்திரர் இந்திய விதிப்படி ஆடிப் பழகியவர். அவ்விதியில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆதலின் நடுவிடத்தை விரைந்து பிடித்தல் இயலாது; சிப்பாயைச் சிறிது நகர்த்தி மந்திரிக்கு வழி திறத்தல் இயல்பாயிற்று. அப்பழக்கத்தை அவர் ஐரோப்பிய ஆட்டத்துக்கும் கொண்டுவந்தார். மூன்றாம் நகர்விலோ அரசியின் சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தினார். இஃது ஐரோப்பிய விதி தந்த உரிமை. இரு மரபும் ஒரே ஆட்டத்தில் கூடியதன் விளைவே இப்புதுமுறை எனலாம்.

அவ்வாட்டத்தில் மகேஷ் சந்திரர் தோற்றார். காக்ரன் தம் குதிரையைக் கருப்பரசன் அருகே பாய்ச்சி வென்றார். தோற்ற ஆட்டத்தைப் பின்பற்றுவார் இல்லை போலும். இம்முறையும் பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது. ‘நடுவைப் பிடிக்காமலே அடக்கி ஆளலாம்’ என்ற கொள்கையை நிம்சோவிச், ரெட்டி முதலியோர் 1920-களில் நிறுவிய காலத்திலேதான் அதன் பொருள் விளங்கலாயிற்று. ‘இந்தியத் தற்காப்புகள்’ என்ற பொதுப்பெயர் பரவியதும் அப்பொழுதே.

மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 2010-ஆம் ஆண்டு சோஃபியாவில் தொபலோவுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இத்தற்காப்பையே மேற்கொண்டார். ஆயத்தம் செய்திருந்த நகர்வு வரிசை குழம்பியமையால், தொபலோவ் குதிரையைப் பலிகொடுத்துத் தாக்க, முப்பதே நகர்வில் தோற்றார். ஒரு தவறு முழு ஆட்டத்தையும் கவிழ்க்கும் என்பதற்கு 1855-ஐப் போலவே இதுவும் சான்று. எனினும் அப்போட்டியை ஆறரைக்கு ஐந்தரை என்ற கணக்கில் ஆனந்தே வென்றார்.

இம்முறையை ஆராய்ந்து கொள்கையாக்கிய பெருமை குருன்ஃபெல்டுக்கு உரியது. அதனை யாரும் மறுத்தற்கில்லை. முதலில் ஆடிக்காட்டியவர் என்ற இடம் மகேஷ் சந்திரருக்கு உரியது. சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு பெயரையும் ஒருங்கே சொல்லிக்கொடுத்தல் வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.