வளவும் உறுதியும்: கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் எழுதப்படாத வரலாறு

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களுக்கு வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் பள்ளிவாசலிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். முதற் பள்ளியைக் கட்டியவர் யார், மரைக்காயர்மார் எந்தெந்தக் குடியினர், முதல் தலைமை ஆசிரியர் யார் என்று பக்கங்கள் நகரும். பெண்கள் தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு. திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்ற பட்டாணியருக்குப் பரிசாக முக்குவப் பெண்கள் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார்கள் என்ற கர்ணபரம்பரைக் கதைதான் அது. கொடுக்கப்பட்டவர்களில் ஒருத்தியின் பெயராவது எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

அக்கதை உண்மையா என்பதை ஆய்வாளர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அது விளக்க முனைகின்ற வழமை மட்டும் உண்மையானது. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வயது சென்ற ஒருவரிடம் "நீங்க என்ன குடி?" என்று கேட்டால், தன் உம்மாவின் குடியைத்தான் சொல்வார். பள்ளிவாசலில் மரைக்காயராக அமர்பவர் ஆண். ஆனால் அந்த இருக்கைக்கு அவரைக் கொண்டு வந்தது தாய்வழி. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. மூத்தவளுக்குத் தாங்கள் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கும் பெற்றோர் எங்கள் பக்கம் அதிசயமல்ல. அடுத்தவளுக்கு அதுவும் போகும். இப்படி உம்மாவும் ராத்தாவும் தங்கச்சிமாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும் வளவுகள் உண்டாயின.

வாரிசுரிமையில் மகனுக்குக் கிடைப்பதில் பாதியே மகளுக்கு. 1806 ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவையும், பின்னர் வந்த 1931 ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் ஷரீஅத்தின் வழியையே ஏற்றன. கிழக்கிலோ தகப்பன் ஹயாத்தாக இருக்கும்போதே வீட்டையும், வசதியுள்ளவரானால் வயலையும், மகள் பெயரில் உறுதி முடித்துவிடுவார். அவர் மௌத்தான பின் பங்கிட மிஞ்சுவது சொற்பம். மார்க்கத்தோடு மோதாமலே ஒரு சமூகம் தன் பெண்களுக்குக் கூரை தேடிக்கொண்ட விதம் இது. அதன் பலன் பிணக்கு வந்தால்தான் தெரியும். தலாக் சொன்னவர்தான் சட்டையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டவேண்டும். அவளும் பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள்.

வீடு தன்னுடையது என்றிருந்ததால் அதற்குள் வேறு பலவும் நடந்தன. அரபெழுத்தைக் கற்ற பெண்கள் தமிழெழுத்துத் தெரியாமலே அரபுத்தமிழை வாசித்தார்கள். பாடசாலைக் கணக்கில் எழுத்தறிவற்றவர்கள் என்று பதியப்பட்டவர்களில் பலர் மாலைகளையும் மௌலூதையும் கிதாபைப் பார்த்து ஓதியவர்கள். திண்ணையில் அயல்பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அன்று ஜும்ஆப் பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. வீட்டின் உள்ளறையே அவர்களுடைய பள்ளி. வெளியே அவர்கள் திரளாகச் சென்ற இடம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அங்கு கொடியேறும் நாட்களில் நேர்ச்சை கொண்டு வருவோரில் பெண்களே மிகுதி.

பன்னை வெட்டிக் காயவைத்து, சாயமேற்றிப் பாயிழைத்ததும் அதே வளவில்தான். கை பின்னிக்கொண்டிருக்கும், வாய் கவி சொல்லும். வயற்காவலுக்குப் போன மச்சானை ஏங்கியும், பேச்சு மாறியவனைச் சாடியும், மாமியைக் கேலி செய்தும் நாலு வரியில் அவர்கள் கட்டியவை எங்கள் இலக்கியத்தின் பெருஞ்சொத்து. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தேடித் தொகுத்திராவிட்டால் பாதிக்கு மேல் மண்ணோடு போயிருக்கும். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 2013 இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற தொகுப்பைக் கொண்டு வந்தபோது, ஒரு பெண் கவிஞரின் கையால் அவை மீண்டும் அச்சேறின. எனினும் எந்தத் தொகுப்பைப் புரட்டினாலும் ஒரு குறை உறுத்துகிறது. இன்ன கவியைக் கட்டியவள் இன்னாள் என்று சொல்ல முடியாது. தாலாட்டுக்கும் அதே கதிதான்.

பிற்காலத்தில் கந்தூரியும் மௌலூதும் பித்அத் என்றும், கவியும் குரவையும் கூடாதவை என்றும் ஒதுக்கப்பட்டன. அந்த மார்க்க விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. பெண்களுக்கான மத்ரஸாக்களும், றமழான் இரவுகளில் அவர்களுக்குப் பள்ளியில் இடமும் வந்தது அதே காலத்தில்தான் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒதுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி பெண்கள் தாமே நடத்தியவை. புதிதாக வந்தவற்றிலோ நிர்வாகம் பெரும்பாலும் ஆண்களிடம் இருக்கிறது.

இனிச் சீதனத்தின் மறுபக்கம். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையில்லை என்றாகியபோது, காப்பாக இருந்த வழமையே சுமையாயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் எத்தனை பேர்! தங்கள் மகளின் கல்வீட்டுக்கு அங்கே அடுத்தவர் வீட்டைக் கூட்டினார்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை வரையறுத்தது. அதைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு வழியும் வைத்தது. ஆனால் அந்த வரையறைக்குள் பணமும் அசையும் பொருளும் மட்டுமே அடங்கும், வீடு அடங்காது. அதே சட்டம் காதியாராக ஆணை மட்டுமே நியமிக்கச் சொன்னது. விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தையும் கேட்கவில்லை. வீடு அவள் பெயரில், நிக்காஹ் அவள் ஒப்பமின்றி!

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கடற்கரையோரத்து வளவுகளோடு பெட்டிக்குள் இருந்த உறுதிகளும் போயின. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் விதித்தது; மக்கள் உள்ளே குடியேற்றப்பட்டார்கள். புதிய வீடுகளுக்கான படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்றொரு கூடு இருந்தது. அதில் பெரும்பாலும் கணவனின் பெயர் விழுந்தது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வளவு, ஒரு பேனைக் கோட்டில் மருமகனுடையதாயிற்று. அரச காணி என்றால் பிள்ளைகளின் நிலையும் சிக்கல். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளி நியமிக்கப்படாத காணியில் மகளுக்கு முன் மகனையே நிறுத்தியது. அது 2022 இல் திருத்தப்பட்டது. இடையில் எழுதப்பட்டவை எழுதப்பட்டவையே.

உறுதி போனதை வெறும் சொத்திழப்பாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவியில் பெயரில்லை, பள்ளிவாசல் கணக்கில் பெயரில்லை, விவாகப் பதிவில் ஒப்பமில்லை. நொத்தாரிசு எழுதிய சீதன உறுதியில் மட்டும் கொடுத்தவளின் பெயரும் பெற்றவளின் பெயரும் முழுமையாக இருக்கும். எல்லை சொல்லும்போது வடக்கே இன்னாளின் வளவு, கிழக்கே இன்னாளின் தோட்டம் என்று அயலவளின் பெயரும் வந்து சேரும். நாலைந்து உறுதிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒரு தெருவின் நூறாண்டுப் பெண்களை அடையாளம் காணலாம்.

எங்கள் பாடசாலையில் வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம், வீட்டில் பழைய உறுதி இருந்தால் பெயர்களையும் ஆண்டையும் மட்டும் பார்த்தெழுதி வரச் சொல்லியிருக்கிறேன். காணித் தகராறு கிளம்பும் என்று சில வாப்பாமார் முகம் சுளித்தார்கள். உம்மம்மாமார்தான் பெட்டியைத் திறந்தார்கள். கொப்பியில் இப்போது நாற்பத்தொரு பெயர்கள் உள்ளன.