செர்ரிப் பழத்தை வெட்டிய துண்டு

செரீஸ் என்றால் பிரெஞ்சில் செர்ரிப் பழம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரில் பிரான்ஸ் 1995 ஜூலையில் ஒரு சிறிய ராணுவச் செயற்கைக்கோளை ஏவியது. எடை சுமார் 50 கிலோதான்.

1996 ஜூலை 24 அன்று அது திடீரென்று தள்ளாட ஆரம்பித்தது. அதை நிலையாக நிறுத்திவைத்திருந்த 6 மீட்டர் நீளக் கம்பத்தை ஏதோ வெட்டியிருந்தது. எது என்று தேடினால், அதுவும் பிரான்சின் உறவுதான்! 1986 பிப்ரவரியில் ஸ்பாட்-1 செயற்கைக்கோளை ஏற்றிச்சென்ற ஏரியான் ராக்கெட்டின் கடைசி அடுக்கு, அதே ஆண்டு நவம்பரில் வெடித்துச் சிதறியது. அதில் ஒரு துண்டு பத்து ஆண்டுகள் சுற்றிவிட்டு வந்து மோதியது. கணக்கில் உள்ள இரண்டு விண்பொருள்கள் தற்செயலாக மோதியதாக உறுதியானது அதுதான் முதல் முறை.

அதே 1996இல் நாசாவின் ஓரியன் ஆய்வறிக்கை வந்தது. 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான துண்டுகளைத் தரையிலிருந்து லேசர் கொண்டு அகற்றலாம் என்றது. லேசர் துண்டைச் சாம்பலாக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதன் மேற்பரப்பில் மெல்லிய படலம் மட்டும் ஆவியாகிப் பீறிடும். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்குமே, அதுபோல அந்த உதை துண்டின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். பலமுறை சுட்டால் சுற்றுப்பாதை தாழ்ந்து, காற்று மண்டலத்தில் புகுந்து எரிந்துபோகும்.

அந்தக் கருவி இன்றுவரை கட்டப்படவில்லை. தொழில்நுட்பமும் செலவும் மட்டும் தடையல்ல. குப்பையைத் தள்ளும் லேசர் பிறநாட்டுச் செயற்கைக்கோளையும் கெடுக்கலாம் என்ற அச்சம் உண்டு. அதோடு 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி, ஏவப்பட்ட பொருள் விண்வெளியில் இருப்பதாலேயே அதன் உரிமை மாறிவிடாது. பாகங்களுக்கும் அப்படியே.

இதற்கிடையில் 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் இரிடியம் செயற்கைக்கோளும், செயலிழந்த ரஷ்யக் காஸ்மோஸ் ஒன்றும் மோதி, கணக்கில் ஏறிய துண்டுகளே இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தன.

அரசு அலுவலகத்தில் கால் ஒடிந்த நாற்காலியைக்கூட, கண்டம் செய்ய உத்தரவு வராமல் வெளியே போட முடியாது. ஆனால் கோப்பு என்றாவது ஒருநாள் கையெழுத்தாகித் திரும்பி வந்துவிடும். மேலே சுற்றும் குப்பைக்கோ, எல்லா நாடுகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட ஒரு மேலதிகாரி இல்லை. முதலில் வேண்டியது லேசர் அல்ல, அந்தக் கையெழுத்துதான்.