வூல்வேர்த் கட்டடம்: சில்லறைக் காசின் கோபுரமும் அதன் இன்றைய குடிகளும்

நியூயோர்க் நகரில் 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வூல்வேர்த் கட்டடத்தைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் அதன் கோதிக் அலங்காரங்களைக் கொண்டே மதிப்பிட்டுள்ளனர். சிற்பி காஸ் கில்பேர்ட்டின் கலைத்திறன் மறுக்கற்பாலதன்று. எனினும், அது எவருடைய உழைப்பின் திரட்சி என்ற வினாவை எழுப்பாத வரலாறு அரைகுறை வரலாறே என்பது எமது கருத்தாகும்.

ஐந்து சதம், பத்துச் சதம் என்ற நிலையான விலைகளிற் பண்டங்களை விற்ற கடைத்தொடரின் அதிபரான பிராங் வூல்வேர்த், ஏறத்தாழ 135 இலட்சம் டொலரை ரொக்கமாகச் செலுத்தி, 241 மீற்றர் உயரமான இக்கட்டடத்தை எழுப்பினார். மதகுரு ஒருவர் இதனை வாணிபத்தின் பேராலயம் என வருணித்தார். மத்தியகால ஐரோப்பியச் சமயக் கலைவடிவம் முதலாளித்துவத்திற்கு இரவலாகக் கிடைத்தமைக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. முன்மண்டபத்திலே வூல்வேர்த் நாணயங்களை எண்ணும் கேலிச்சிற்பமொன்றும் உண்டு. கலைஞன் உண்மையை விளையாட்டாகவேனும் கூறிவிடுகிறான் போலும்!

சிற்பத்தில் இடம்பெறாதோர் விற்பனைப் பெண்கள். பண்டத்தின் மலிவு அவர்களது ஊதியத்தின் மலிவிலும் தங்கியிருந்தது. 1937 பெப்ரவரியில் டெற்றோயிற் நகரக் கடையொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கடையினுள்ளேயே ஏழு நாட்கள் தங்கி வேலைநிறுத்தஞ் செய்து, ஊதிய உயர்வைப் பெற்றனர். 1960இல் கிரீன்ஸ்பரோக் கடையின் உணவுமேடையிலே உணவு மறுக்கப்பட்ட நான்கு கறுப்பின மாணவர் எழ மறுத்து அமர்ந்திருந்தமை யாவரும் அறிந்ததே.

1997இல் அமெரிக்காவில் எஞ்சியிருந்த கடைகளும் மூடப்பட்டன. மறு ஆண்டே கட்டடம் கைமாறிற்று. 2012இல் மேலுள்ள 30 மாடிகள் 68 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்டு, ஆடம்பர வீடுகளாக மாற்றப்பட்டன. கீழ்மாடிகள் அலுவலகங்களாகவே நீடித்தன. உச்சி வீட்டிற்கு 2017இல் 110 மில்லியன் டொலர் கேட்கப்பட்டது. அவ்விலைக்கு அது விற்பனையாகவில்லை.

இம்மாற்றத்தை மரபின் சிதைவென்று வருந்துவோரும், மரபின் பாதுகாப்பென்று மகிழ்வோரும் உளர். இருசாராரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. வூல்வேர்த் நிறுவனம் தொடக்கத்திலேயே இக்கட்டடத்தின் மிகச் சிறு பகுதியை மாத்திரமே தனது அலுவலகமாகக் கொண்டது. ஏனையவை வாடகைக்கே விடப்பட்டன. நிலத்தையும் உயரத்தையும் பண்டமாக்கும் முயற்சி புதியதன்று. சில்லறை வாணிபம் என்ற இடைத்தரகு நீங்கிவிட, வானவெளி நேரடியாக விற்பனைக்கு வந்துள்ளது. 1983ஆம் ஆண்டின் நகரப் பாதுகாப்பு ஆணை வெளிச்சுவரையும் முன்மண்டபத்தையும் காக்கின்றது. அங்கு எவர் வாழலாம் என்பதைச் சந்தையே தீர்மானிக்கின்றது.

கிரீன்ஸ்பரோக் கடையோ 2010இல் குடியியல் உரிமைப் போராட்டத்தின் அரும்பொருட்சாலையாயிற்று. அவ்வுணவுமேடை அங்கேயே பேணப்படுகின்றது.