பினாங்கில் குறுகிய கால ஊழியப் பயணங்கள்

குறுகிய கால ஊழியப் பயணம் என்பது கிறித்தவ சபை ஒன்றின் உறுப்பினர்கள் சில நாள்களோ சில மாதங்களோ வெளியூர் அல்லது வெளிநாட்டு நகரம் ஒன்றில் தங்கி, சமயப் பணியும் சமூகப் பணியும் செய்து திரும்பும் வழக்கம். வாழ்நாள் முழுதும் ஓரிடத்தில் தங்கும் மிஷனரியிடமிருந்து இவர்களை வேறுபடுத்துவது திரும்பும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதுதான். மலேசியாவின் பினாங்குத் தீவும் அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனும் இவ்வகைப் பயணிகளை வரவேற்கும் இடமாகவும், அவர்களை அனுப்பும் இடமாகவும் உள்ளன. இந்த வழக்கம் அங்கே வேரூன்ற, அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகத் தங்கிப் பணிசெய்தோர் உருவாக்கிய சபைகளே அடித்தளமாயின.

தொடக்கம்

1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் பினாங்கை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் கைக்கொண்டார். சில நாள்களுக்குள் கெடாவில் வாழ்ந்த யுரேசியக் கத்தோலிக்கர்கள் ஆயர் கார்னோவுடன் தீவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களால் உருவானதே மாதாவின் விண்ணேற்பு ஆலயம். இன்றுள்ள கட்டடம் 1860-61இல் எழுந்தது. 1955இல் பினாங்கு மறைமாவட்டம் அமைந்தபோது இவ்வாலயம் பேராலயமானது.

1808இல் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பொதுக் குருத்துவக் கல்லூரி பினாங்கில் மீண்டும் திறக்கப்பட்டது. 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிய இக்கல்லூரி, போரால் இடம்பெயர்ந்து, சில ஆண்டுகள் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்திலும் இயங்கியது. சீனா, வியட்நாம், சயாம் முதலிய நாடுகளின் மாணவர்களுக்கு இங்கே இலத்தீன் மொழியில் பாடம் நடந்தது. இங்கே ஆசிரியராக இருந்த ழாக் ஒனோரே சாஸ்தான் 1839இல் கொரியாவில் மறைசாட்சியாக உயிரிழந்தார். 1984இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த ஆண்டிலேயே கல்லூரி புலாவ் திக்குஸிலிருந்து தஞ்சோங் பூங்காவுக்கு இடம் மாறியது. வெளிநாட்டார் வந்து கற்பிப்பதற்கு மாறாக, அந்தந்த நாட்டாரே தம் மக்களுக்குக் குருவாக வேண்டும் என்பதே இக்கல்லூரியின் நோக்கம்.

ஆங்கிலிக்கன் குரு ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மலாய் வேதாகமத்தின் திருத்தப் பணியிலும் ஈடுபட்டார். 1818இல் கட்டி முடிந்த புனித ஜார்ஜ் ஆலயத்தின் வேலையில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. 1819இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் தாமஸ் பெய்ட்டனும் ஜான் இன்ஸும் வந்தனர். பெய்ட்டன் மலாய் கற்று, பள்ளிகள் நடத்தி, துண்டு நூல்கள் அச்சிட்டு, 1844இல் இறக்கும்வரை கால் நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்தார். சீனரிடையே உழைத்த இன்ஸ் 1825இலேயே காலமானார். 1842 நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறந்ததும் அச்சங்கத்தின் கவனம் சீனாவுக்குச் சென்றது.

தமிழர் சபைகள்

19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கில் இறங்கி, தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களில் கிறித்தவர்களும் இருந்தனர். புதுச்சேரியிலும் பினாங்கிலும் பணியாற்றியது ஒரே பாரிஸ் சபை என்பதால், கடலின் இரு கரைகளுக்கும் திருச்சபை வழியே ஓர் உறவு இருந்தது. பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் பங்காக வளர்ந்தது. அண்டை மாநிலமான பேராக்கின் பாகான் செராயில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுக் குரு தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றை ஏற்படுத்தினார்.

ஆங்கிலிக்கன் திருச்சபை தமிழ் உபதேசியார்களைக் கொண்டு பினாங்கில் தமிழ்ப் பணியை நடத்தியது. தோட்டக் குடியிருப்பை நடந்தே சென்றடைந்து, செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவர் உபதேசியார். ஆலய வரலாறுகளில் ஐரோப்பியர் பெயர்களே முன்னே நிற்கின்றன. ஆனால் தமிழ்ச் சபைகள் தலைமுறை தாண்டி நிலைத்ததற்கு இவர்களின் உழைப்பே பெருங்காரணம். தமிழ் லுத்தரன்கள் தொடங்கிய மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வரலாறு 1907இலிருந்து கணக்கிடப்படுகிறது.

புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னாள் ஆலயம் 1846இல் குன்றின்மேல் எழுந்த சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது. ஆண்டுதோறும் ஜூலை 26 திருவிழாவுக்குத் தமிழரும் சீனருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். 2019இல் இது இளம் பெருங்கோவில் (மைனர் பசிலிக்கா) தகுதி பெற்றது.

தங்கும் பணியும் வந்துபோகும் பணியும்

குறுகிய காலப் பயணத்துக்கு இப்பகுதியில் கிடைக்கும் தெளிவான முன்னுதாரணம் 1885இல் நடந்தது. கல்கத்தாவில் பணிபுரிந்த மெதடிஸ்ட் தலைவர் ஜேம்ஸ் தோபர்ன் அவ்வாண்டு பிப்ரவரியில் சிறு குழுவுடன் சிங்கப்பூரில் இறங்கி, நகர மண்டபத்தில் கூட்டங்கள் நடத்தினார். சில வாரங்களில் சபை ஒன்று உருவானது. தோபர்ன் இந்தியாவுக்குத் திரும்பினார். உடன் வந்த, பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் அங்கேயே தங்கி, மறு ஆண்டு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்து பரவிய மெதடிஸ்ட் பணி 1891இல் பினாங்கை எட்டியது. அவ்வாண்டு ஆண்களுக்கும் மறு ஆண்டு பெண்களுக்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன. சீனருக்கும் தமிழருக்கும் தனித்தனி மொழிச் சபைகள் அமைந்தன. மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் இன்று தமிழுக்கென்றே ஓர் ஆண்டுப் பேரவை உள்ளது. வந்துபோனவரின் சில வாரங்கள் பயன் தந்ததற்குத் தங்கியவரின் பல ஆண்டுகளே காரணம்.

1935இல் சீன நற்செய்தியாளர் ஜான் சுங் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நடத்திய எழுப்புதல் கூட்டங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. சென்ற இடங்களில் அவர் உள்ளூர் விசுவாசிகளைச் சாட்சிக் குழுக்களாகப் பிரித்தமைத்தார். அவர் போன பின்னும் அக்குழுக்கள் இயங்கின.

சட்டச் சூழல்

1957இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்புச் சட்டம் மூன்றாம் பிரிவில் இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவித்து, பிற சமயங்களை அமைதியோடு பின்பற்றவும் இடம் தருகிறது. 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்ற அனுமதிக்கிறது. வெளிநாட்டுச் சமயப் பணியாளர்கள் தங்கும் காலத்துக்கும் அரசு வரம்பு வைத்ததால், சபைகள் உள்நாட்டுப் போதகர்களையும் குருக்களையும் விரைந்து ஆயத்தம் செய்தன. எனவே, பினாங்குக்கு வரும் குழு எதுவாயினும் உள்ளூர் சபையின் அழைப்பில், அதன் மக்களிடையே, அதன் வழிகாட்டலில் பணிசெய்வதே முறையான வழியாகியுள்ளது.

தற்கால வடிவம்

உலக அளவில் இப்பயணங்கள் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1957இல் ஜார்ஜ் வெர்வர் நண்பர்களுடன் மெக்சிகோ சென்றது பின்னர் ஆபரேஷன் மொபிலைசேஷன் இயக்கமாக வளர்ந்தது. 1960இல் லோரன் கன்னிங்காம் இளைஞர் ஊழிய இயக்கமான ஒய்வேமைத் தொடங்கினார். முன்னதன் புத்தகக் கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்துள்ளன. விமானக் கட்டணம் குறைந்தபின், பள்ளி விடுமுறையிலேயே வெளிநாடு சென்று திரும்புவது சாதாரண சபையாருக்கும் எட்டியது.

இத்தகைய பயணங்களின் வழக்கமான பணிகள் விடுமுறை வேதாகமப் பள்ளி, இளைஞர் முகாம், ஆங்கில வகுப்பு, முதியோர் இல்லச் சந்திப்பு, செப நடை, சபைக் கட்டடப் பராமரிப்பு ஆகியவை. 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தடையற்ற தொழில் வட்டாரம் ஈர்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சபைகளின் அக்கறைக்குரியவர்கள். தமிழ்நாட்டுப் போதகர்கள் தமிழ்ச் சபைகளின் கன்வென்ஷன் கூட்டங்களில் பேசிச் செல்வதும் நெடுநாளைய பழக்கம். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பது அவர்களுக்குள்ள பெரிய வசதி.

2008இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுன் விருந்தினர்களுக்குத் தானும் பாடம் சொல்கிறது. புனித ஜார்ஜ் ஆலயம், சீனர்களின் குவான்யின் கோயில், மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை நடந்தே சுற்றிவரக்கூடிய தொலைவில் உள்ளன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கு மாநிலத்தில் கிறித்தவர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். பல சமயத்தார் நடுவே சிறுபான்மையினராக வாழும் கலையை வந்தவர் இங்கே உள்ளூராரிடம் கற்க முடியும்.

மதிப்பீடு

இப்பயணங்கள்மீது சபைகளுக்குள்ளேயே விமர்சனங்கள் உண்டு. பயணச் செலவு, செய்யும் வேலையின் மதிப்பைவிடக் கூடிவிடுகிறது, மொழி தெரியாதவர் ஒரு வாரத்தில் மக்களை அறிய முடியாது, உதவி பெறுவோர் சார்ந்திருக்கப் பழகுகிறார்கள் என்பன அவற்றுள் முதன்மையானவை. 1998 மிட்ச் புயலுக்குப் பின் ஒண்டுராஸில் வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகளை ஆராய்ந்த கர்ட் வெர் பீக், ஒரு குழு வந்துபோகும் செலவில் உள்ளூரார் பல வீடுகளைக் கட்டியிருக்க முடியும் என்று கண்டார். பயணம் சென்றவர்களிடமும் நீடித்த மாற்றம் குறைவே என்பது அவரது முடிவு.

ஆதரிப்போர் இப்பயணத்தைக் கற்கும் வாய்ப்பாகக் காண்கின்றனர். விருந்தோம்பும் சபை வேலையைத் தீர்மானிப்பது, ஒரே சபைக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவது, புறப்படும் முன் அடிப்படை மொழியும் பண்பாடும் பயில்வது, பணத்தை உள்ளூர் பொறுப்பாளர் வழியே செலவிடுவது ஆகியவை நல்ல நடைமுறைகளாக ஏற்கப்பட்டுள்ளன. இந்நெறிகள் பினாங்குக்கு வருவோருக்கும், அங்கிருந்து அண்டை நாடுகளுக்குப் புறப்படுவோருக்கும் ஒன்றே.