பெட்டி மேல் போட்ட எண்ணும், வேலையில் கிடைக்கும் எண்ணும்



கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு, "சார், பையன் அனிமேஷன் படிக்கிறான், எந்த கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்று மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. கடையில் "இது 15 டெராஃப்ளாப்ஸ், அது 22" என்கிறார்களாம். ஒரு வருஷக் குச்சிக்கிழங்குப் பணம் போகிற விஷயம். அந்த எண் எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்று அதன் வரலாற்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நொடியில் தசமப் புள்ளி வைத்த கணக்கு எத்தனை போட முடியும் என்பதே ஃப்ளாப்ஸ். டெரா என்றால் லட்சம் கோடி. கிராபிக்ஸ் கார்டு முதலில் படம் வரையத்தான் வந்தது. 1999-ல் என்விடியா கொண்டுவந்த ஜீபோர்ஸ் 256 தான் ஜி.பி.யு. என்ற பெயரைப் பரப்பியது. 2007-ல் அதே நிறுவனத்தின் குடா மென்பொருள் வந்தபின், படம் வரையும் கார்டில் விஞ்ஞானக் கணக்கும் போடலாம் என்று ஆயிற்று.

இதை நம் நாட்டில் பெரிய அளவில் செய்து காட்டியது இஸ்ரோ. 2011 மே 2 அன்று திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சாகா-220 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கினார்கள். செலவு சுமார் 14 கோடி ரூபாய். உள்ளே 400 என்விடியா டெஸ்லா 2070 கார்டுகள், 400 இன்டெல் ஜியான் ப்ராசஸர்கள். வேகம் 220 டெராஃப்ளாப்ஸ் என்று அறிவித்தார்கள்.

அந்த 220 எப்படி வந்தது? நீங்களே நோட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு கார்டில் 448 கோர். துடிப்பு 1.15 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஆக இரண்டு கணக்கு.

448 × 1.15 × 2 = 1030 கிகாஃப்ளாப்ஸ்.

இது சுமார் 7 இலக்கத் துல்லியத்துக்கு. ராக்கெட்டுக்கு அது போதாது, 15, 16 இலக்கம் வேண்டும். அப்போது இந்தக் கார்டின் வேகம் பாதியாகி 515 ஆகும்.

400 × 515 = 2,06,000 கிகா, அதாவது 206 டெரா.

ஜியான் ஒன்றுக்கு 4 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், துடிப்புக்கு 4 கணக்கு. பெருக்கினால் 38.4. அது போல 400 என்றால் சுமார் 15 டெரா.

206 + 15 = 221. அறிவித்த 220 வந்துவிட்டது! யாரும் எந்த வேலையும் ஓட்டிப் பார்க்காமலே, வெறும் பெருக்கல் வாய்ப்பாட்டில் வந்த எண் இது. எல்லாக் கோரும் ஒரு துடிப்புகூட ஓயாமல் உழைத்தால் கிடைக்கும் உச்சம்.

உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? 1993 முதல் வெளிவரும் டாப்-500 என்ற உலகப் பட்டியலில் இதற்கென்றே இரண்டு பத்தி உண்டு. ஒன்று கணக்குப்படி உச்சம். இன்னொன்று லின்பேக் என்ற ஒரே சோதனைக் கணக்கை ஓட்டி அளந்தது. சாகாவை விரிவாக்கிய பிறகு 2012 பட்டியலில் உச்சம் 394.8, அளந்தது 188.7. பாதிக்கும் கீழே. இது இஸ்ரோவின் குறை அல்ல. 2010 நவம்பரில் உலக முதலிடம் பிடித்த சீனாவின் டியன்ஹே-1ஏ கூட உச்சத்தில் 55 சதவீதத்தைத்தான் தொட்டது. கார்டு வேகமாகக் கணக்குப் போடும். எண்களைக் கொண்டுவந்து கொட்டும் வழி குறுகல்.

நம்ம பனமரத்துப்பட்டி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு ஏட்டில் அப்படியே இருந்தது. ஏரியோ எத்தனையோ வருஷம் தண்ணீரில்லாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கொள்ளளவு பொய் இல்லை, ஆனால் அதை வைத்து ஒரு குடம் நிரம்பாது.

கடையில் விற்கும் கார்டிலும் இதே கதைதான். 2009-ல் ஏ.எம்.டி.யின் ரேடியான் எச்.டி. 5870 வந்தது. 1600 × 0.85 × 2 = 2720 கிகாஃப்ளாப்ஸ். 2010-ல் என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 480 வந்தது. 480 × 1.401 × 2 = 1345. எண்ணைப் பார்த்தால் முதலாவது இரு மடங்கு. ஆனால் விளையாட்டுகளை ஓட்டிச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் 480 தான் முந்தியது. காரணம், 5870-ன் கோர்கள் ஐந்து ஐந்தாகக் கட்டியவை. ஒரே துடிப்பில் ஐந்துக்கும் தனித்தனி வேலை கிடைத்தால்தான் ஐந்தும் ஓடும். தறி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாவு கிடைக்காத தறி சும்மாதான் நிற்கும். 480-க்கும் ஒரு விலை இருந்தது. அது 250 வாட் இழுத்தது, 5870-க்கு 188 வாட் போதும். சூடும் சத்தமும் 480-ல் அதிகம்.

அப்படியானால் உச்ச எண் வீணா? இல்லை. 2022 மே மாதம் நம் பக்கத்துத் திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரை 838 டெராஃப்ளாப்ஸ் என்று அறிவித்தார்கள். அதுவும் உச்ச எண்தான். இதற்கு மேல் போகாது என்ற எல்லையை அது சொல்கிறது. ஒரே நிறுவனம், ஒரே தலைமுறைக் கார்டுகளை ஒப்பிடவும் ஓரளவு உதவும். நிறுவனமோ தலைமுறையோ மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது.

ஆகவே வாங்கப் போகும் பெற்றோருக்கு மூன்று விஷயம்.

1. பையன் எந்த மென்பொருளில் வேலை செய்வான் என்று கேளுங்கள். அதில் அளந்த எண்ணைப் பாருங்கள். பிளெண்டர் என்றால் பிளெண்டர் ஓபன் டேட்டா தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

2. கார்டின் நினைவகம் எத்தனை ஜி.பி. என்று பாருங்கள். செய்யும் காட்சி அதற்குள் அடங்காவிட்டால் எத்தனை டெரா இருந்தும் பயனில்லை.

3. லேப்டாப் என்றால் வாட் கேளுங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டு 35 வாட் முதல் 115 வாட் வரை வருகிறது. பெயர் ஒன்றே, வேகம் ஒன்றல்ல. கடைக்காரர் சொல்லாவிட்டால் மாடல் எண்ணை எழுதி வந்து நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் பலர். பிளெண்டரில் நீங்கள் ஓட்டிப் பார்த்த கார்டும் ஆன நேரமும் கீழே எழுதுங்கள். கேட்ட மூன்று குடும்பத்துக்கும் அது உதவும்.